நியாயத்தீர்ப்பை நம்புகிறவர் திங்கட்கிழமை என்ன செய்வது? நீலகிரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை மாற்றலிலோ, ஓய்வுபெற்றோ, கல்யாணமாகியோ நீலகிரிக்கு வந்திருக்கும் கிறிஸ்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே சமவெளியில் உங்களுக்குத் தெரு இருந்தது. யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது விசாரிக்காமலே காதுக்கு வந்துவிடும். இங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தேயிலைச் சரிவு. சாயங்காலமே மூடுபனி இறங்கிக் கதவுகள் சாத்திக்கொள்ளும். அடுத்த வீட்டில் இருப்பவர் பெயரே சில மாதம் கழித்துத்தான் தெரியவரும். ஆனால் நியாயத்தீர்ப்பைப் பற்றிய பிரசங்கத்துக்கு மட்டும் மலையிலும் பஞ்சமில்லை. கன்வென்ஷனில் கண்ணீர் விட்டு ஒப்புக்கொடுத்துவிட்டு வருவோம். மறுநாள் காலையில் என்ன செய்யவேண்டும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

மத்தேயு 25-ல் நியாயத்தீர்ப்பு நாளில் ராஜாவாக வரும் கிறிஸ்து விசாரிப்பது சாப்பாடு, தண்ணீர், தங்க இடம், துணி, வியாதி, சிறை ஆகிய ஆறு காரியங்களை. இந்த ஆறிலும் இறங்கிப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் இங்கே ஒரு படிவமும் ஒரு கவுண்டரும் ஒரு கடைசிப் பேருந்தும் இருப்பது தெரியும். அவை தெரியாமல் நல்ல மனதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் பாதி வழியில் திரும்பவேண்டியிருக்கும். நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் அந்தப் பதினாறு வசனங்கள்

மத்தேயு 25:31 முதல் 46 வரை. பிரசங்கத்தில் கேட்டது போதாது, நீங்களே வாசியுங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. வலதுபக்கம் நிற்பவர்களும் இடதுபக்கம் நிற்பவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியுள்ளவராகக் கண்டோம்?" செய்தவருக்கும் தெரியவில்லை, செய்யாதவருக்கும் தெரியவில்லை. ஆகவே 'இதைச் செய்தால் அங்கே வரவு வைக்கப்படும்' என்று கணக்குப் பார்த்துச் செய்வது இந்தப் பகுதிக்கே பொருந்தாது.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று பயம். தீர்ப்பை நினைத்து நடுங்கிக்கொண்டே செய்கிற உதவி, வாங்குகிறவரையும் நடுங்கவைக்கும். நியாயத்தீர்ப்பு நாளில் தைரியம் உண்டாக அன்பு பூரணப்படுகிறது என்றும், அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்றும் 1 யோவான் 4:17-18 சொல்கிறது. இன்னொன்று, 'கிருபையால் இரட்சிக்கப்பட்டாயிற்று, கிரியை எதற்கு' என்ற சௌகரியம். எபேசியர் 2:8-9-ஐ மனப்பாடம் செய்தவர்கள், நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிற 10-ஆம் வசனத்தையும் சேர்த்துப் படித்தால் போதும். யாக்கோபு 2:15-16 இன்னும் நேரடி. துணியும் ஆகாரமும் இல்லாதவரிடம் எதையும் கொடுக்காமல் 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று கேட்கிறார். ஊட்டி ஜனவரியைப் பார்த்தவர் எழுதியது மாதிரி இருக்கிறது.

2. சபையில் பெயர் பதியுங்கள்

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் முந்தைய சபையின் ஆயரிடம் உறுப்பினர் மாற்றுக் கடிதம் வாங்கி வாருங்கள். பழைய சந்தா பாக்கி இருந்தால் கட்டிவிட்டுக் கேளுங்கள், இல்லாவிட்டால் கடிதம் இழுக்கும். நீலகிரிச் சபைகள் கோயம்புத்தூர் திருமண்டலத்தைச் சேர்ந்தவை. கத்தோலிக்கர் என்றால் திருமுழுக்குச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பழைய பங்குத்தந்தையின் கடிதம். இங்கே ஊட்டி மறைமாவட்டம். இந்தச் சான்றிதழ்களில் இரண்டிரண்டு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பிள்ளைகளின் கல்யாணம், கல்லறை இடம் என்று எல்லாம் இதிலிருந்துதான் தொடங்கும்.

பெயர் பதிந்த கையோடு அன்பியத்திலோ (கத்தோலிக்கப் பங்கின் அக்கம்பக்கக் குழு) வீட்டு ஜெபக்கூட்டத்திலோ சேருங்கள். ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டையில் இருப்பதால் கஷ்டம் வெளியே தெரியாது. புதன்கிழமை வீட்டுக்கூட்டத்தில், யார் வீட்டில் டீயில் பால் குறைந்திருக்கிறது என்பது தெரியும். கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை இருந்தால் அதில் சேருங்கள். 1833-ல் பாரீஸில் மாணவர்கள் தொடங்கியது. ஏழைகளை அவர்கள் வீட்டுக்கே போய், இருவராகச் சந்திப்பது அவர்கள் வழக்கம். இருவராகப் போவது இந்த மலைக்கு மிகவும் ஏற்றது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

3. இரண்டு வீடு போதும்

புதிதாக வந்த வேகத்தில் மாவட்டம் முழுக்கச் சேவை செய்யக் கிளம்பாதீர்கள். நடந்து போகக்கூடிய தூரத்தில் இரண்டு வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று, பிள்ளைகள் கோவையிலோ திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்க, தனியாகக் கிடக்கும் முதியவர் வீடு. அப்படி இல்லாத தெரு இங்கே அபூர்வம். இன்னொன்று உங்கள் சபையையோ மதத்தையோ சேராத வீடாக இருக்கட்டும். 'மிகவும் சிறியவருக்குச் செய்தது எனக்கே செய்தது' என்றுதான் ராஜா சொல்கிறார், சபைப் பதிவேட்டைக் கேட்கவில்லை. ('சிறியவர்' என்ற வார்த்தை சீஷர்களை மட்டும்தான் குறிக்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. வாதம் முடியும்வரை பக்கத்து வீட்டுப் பாட்டி காத்திருக்க முடியாது.)

போகும் நேரம் முக்கியம். காலை பத்து மணிக்கு மேல், மாலை நான்கு மணிக்குள். அந்தி நேரத்தில் காட்டுமாடும் கரடியும் தேயிலைக்குள்ளிருந்து பாதைக்கு வரும். சிறுத்தையும் உண்டு. டார்ச் இல்லாமல், தனியாக, குறுக்குப் பாதையில் நடக்காதீர்கள். இருவராகப் போகச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

முதல்முறை எதுவும் கொண்டுபோகாதீர்கள். பையோடு போனால் கொடுக்க வந்தவர் ஆகிவிடுவீர்கள். சும்மா போய் உட்கார்ந்து, கொடுக்கிற டீயைக் குடித்துவிட்டு வாருங்கள்.

4. பசியாயிருந்தேன்: உதவித்தொகையும் ரேஷனும்

ஒரு வேளை சாப்பாடு கொடுப்பது சுலபம். மாதாமாதம் அடுப்பு எரிய வேண்டும் என்றால் காகித வேலை செய்தாக வேண்டும். அதிகம் அலையவைத்ததும் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதியோர் உதவித்தொகை 2023-ல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அறுபது வயது நிறைந்த ஆதரவற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆதரவற்ற விதவைகளுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் பாஸ்புக், போட்டோ ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரிடம் போகும். ஒப்புகைச் சீட்டில் உள்ள விண்ணப்ப எண்ணை உங்கள் போனில் படம் எடுத்து வையுங்கள். பாட்டிகள் அந்தச் சீட்டைப் பைபிளுக்குள் வைத்துவிட்டு எந்த அதிகாரம் என்று மறந்துவிடுவார்கள்.

இதில் கிறிஸ்தவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கோயில் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், ரேஷன் கார்டில் வீட்டுப் பெயர், ஆதாரில் இரண்டையும் கலந்த மூன்றாவது ஒன்று. அந்தோணியம்மாள் ஒன்றில் அந்தோணி மேரி, இன்னொன்றில் வெறும் மேரி. ஒரு அலுவலகத்தில் இன்ஷியல் ஒத்துப்போகவில்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரிசெய்து கொண்டுபோனபோது பாஸ்புக்கில் வேறு எழுத்து என்றார்கள். ஆகவே விண்ணப்பிக்கும் முன்பே மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரை முதலில் திருத்தி, மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுவது சுலபம்.

'ஐந்நூறு கொடுங்கள், நான் முடித்துத் தருகிறேன்' என்று வரும் ஆட்களிடம் கொடுக்காதீர்கள். இழுபறியானால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அது ஊட்டி பிங்கர்போஸ்ட்டில் உள்ள கூடுதல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும். காந்தல் குருசடிக்குப் போகிறவர்களுக்கு இடம் தெரிந்திருக்கும், பக்கம்தான். குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ வருகிறவர் காலை முதல் பேருந்துகளிலேயே கிளம்பிவிடவேண்டும். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு அன்று முழு நாளும் போய்விடும். முதியவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால் மதியச் சாப்பாட்டையும் மாத்திரையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரேஷனில் இன்னொரு சிக்கல். ஆயுள் முழுக்க இலை பறித்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், மெஷின் எடுக்காது. நடக்க முடியாதவருக்காக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது, கடையிலேயே கேளுங்கள். வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ரேஷன் கடையில் விசாரியுங்கள்.

சாப்பாடு கொடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிளாஸ்டிக் கவரில் சாம்பார் கட்டி எடுத்துப் போகாதீர்கள், தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை கறாரானது. அபராதம் விழும். தூக்குவாளியும் வாழையிலையும் போதும். தூக்குவாளியைத் திரும்ப வாங்கிவரப் போகிறபோது இன்னொரு முறை பார்த்துவிட்டும் வரலாம்.

5. வியாதியாயிருந்தேன்: ஆஸ்பத்திரி

ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்ததிலிருந்து எடுத்ததற்கெல்லாம் கோவைக்கு ஓடும் நிலை குறைந்திருக்கிறது. குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை. அப்படியும் சில நோயாளிகளைக் கோவைக்கு அனுப்புவார்கள். மலை இறங்குவதே பெரும்பாடு, மண்சரிவு என்றால் பாதையே இருக்காது.

நோய் வரும் முன்பே செய்யவேண்டியது முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் சேவைக் கட்டணம். அட்டையை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவார்கள். உங்கள் இரண்டு வீட்டிலும் இந்த அட்டை இருக்கிறதா என்று இரண்டாவது சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு வருமானச் சான்று தேடுவது கொடுமை.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வீட்டுக்கே வருவார். படுக்கையில் கிடப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலிதணிப்புக் கவனிப்பும் இதில் உண்டு. 2021-ல் தொடங்கிய திட்டம். வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முகவரியைக் கொடுங்கள்.

வார்டில் அதிகம் தேவைப்படுவது இரவுத் துணைதான். பழக்கூடையைக் கட்டில் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். நோயாளியின் மகளை ஒரு ராத்திரி வீட்டுக்கு அனுப்பித் தூங்கவைப்பவர் குறைவு. போகிறவர் சுவெட்டர், குல்லா, பிளாஸ்க், ஆதார் ஜெராக்ஸ் எடுத்துப் போகவும். ஆண்கள் வார்டில் ஆண்தான் தங்க முடியும், பெண்கள் வார்டில் பெண்தான்.

ஜெபிக்கவேண்டும் என்றால் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கும்படி சத்தமாக ஜெபிப்பதும், மயக்கம் தெளியாதவர் தலையணைக்கடியில் கைப்பிரதி வைப்பதும் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. படுத்துக்கிடப்பவரால் எழுந்து போகமுடியாது என்பதைச் சாதகமாக எடுத்துக்கொள்வது அது.

ரத்ததானத்துக்குச் செலவே கிடையாது. 18 வயதுமுதல் 65 வரை, 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை.

மரணம் நேர்ந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீடுவரை இலவசமாகக் கொண்டுவர அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. இது தெரியாததால் கோவையிலிருந்து மலையேற்றத் தனியார் வண்டிக்குக் கடன் வாங்கிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும், அதற்குள் என்றால் கட்டணம் இல்லை. வீட்டில் இறந்திருந்தால் மருத்துவரிடம் சான்று வாங்கி, நகராட்சியிலோ பேரூராட்சியிலோ, கிராமம் என்றால் வி.ஏ.ஓ.விடமோ பதியவேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் மேலதிகாரியின் உத்தரவு இல்லாமல் நடக்காது. துக்க வீட்டில் யாருக்கும் இது ஞாபகம் இருக்காது, நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து சொந்தக் காரில் வரும் உறவினர்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 2024 மே 7 முதல் இந்த நடைமுறை. இலவசம், ஆன்லைனில் எடுக்கலாம். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கும் நீலகிரிப் பதிவெண் வண்டிகளுக்கும் தேவையில்லை.

6. அந்நியனாயிருந்தேன்

இன்று எஸ்டேட் லைன் வீடுகளில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தமிழ்ப் பிரசங்கம் ஒரு வார்த்தை புரியாமல் கேட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் நிறுத்திப் பெயர் கேளுங்கள். ஒரு ஞாயிறு மதியம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். இட்லி, சாம்பார் என்று யோசிக்கவேண்டாம், சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் இருந்தால் அவர்களுக்கு அது வீட்டுச் சாப்பாடு.

காகித உதவி என்று பார்த்தால் இரண்டு. சொந்த மாநில ரேஷன் கார்டை வைத்து இங்குள்ள கடையிலேயே அரிசியோ கோதுமையோ வாங்கலாம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாடு இருக்கிறது. குடும்பத்தில் பாதிப்பேர் ஊரில் இருந்தால் அவர்கள் பங்கை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அடுத்தது இ-ஷ்ரம் பதிவு. 16 முதல் 59 வயதுக்குள் உள்ள அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு. ஆதார், அதோடு இணைந்த மொபைல், வங்கிக் கணக்கு இருந்தால் இலவசமாகப் பதியலாம். ஊரில் விட்டுவந்த சிம்மோடு ஆதார் இணைந்திருப்பதுதான் வழக்கமான தடை. முதலில் எண்ணை மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டை வாடகைக்கு விடும் நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. ஏப்ரல், மே சீசனில் டூரிஸ்டுக்கு விட்டால் நாலு காசு கூடக் கிடைக்கும் என்பதற்காகக் குடித்தனக்காரரைக் கிளப்பிவிட்டு, அந்த ஞாயிறே சத்திரத்தில் இடமில்லாத யோசேப்பு, மரியாளுக்காக உருகுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

7. துணி

பழைய துணியைக் கொடுப்பதென்றால் துவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள். நைலான் சேலையும் மெல்லிய சட்டையும் இங்கே வேலைக்காகாது. கம்பளி, சாக்ஸ், ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு. குழந்தைக்குக் குல்லா. அவ்வளவுதான்.

8. காவலிலிருந்தேன்

ஆறில் இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம். தனி ஆளாகச் சிறைக்குப் போய் 'யாரையாவது பார்க்கவேண்டும்' என்று கேட்டால் விடமாட்டார்கள். சபையின் மூலமாக, ஏற்கெனவே அனுமதி பெற்றுப் போய்க்கொண்டிருக்கும் குழுவோடு சேருங்கள். அடையாள அட்டை கட்டாயம், செல்போன் வெளியே இருக்கவேண்டும்.

அனுமதியே தேவைப்படாத வேலை ஒன்று இருக்கிறது: உள்ளே போனவரின் வீடு. மனைவி தண்ணீர்க் குழாயடிக்கு வந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பான். அந்த வீட்டுக்குப் பகலில், எல்லாரும் பார்க்கும்படி போய்வருவதே பெரிய உதவி.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். காவலில் இருப்பவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. தொலைபேசி 15100. முதல்முறை குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக் கைதியாக இருப்பவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் ஏற்கெனவே உள்ளே இருந்துவிட்டால், அவரைப் பிணையப் பத்திரத்தில் விடுவிக்க 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆயுள் தண்டனை, மரண தண்டனைக் குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் பொருந்தாது. வழக்கறிஞரிடம் இதை நினைவுபடுத்துங்கள்.

நீங்களே ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். அவர் தலைமறைவானால் பணம் கட்டவேண்டியது நீங்கள். பிறருக்காகப் பிணைபடுவதைப் பற்றி நீதிமொழிகள் 6 எச்சரிப்பதை இரக்கமில்லாத வசனம் என்று நினைக்கவேண்டாம்.

9. கூலியும் தராசும்

தர்மம் செய்வதற்கு முன் கடனைத் தீர்க்கவேண்டும். அதனால் இதை முதலிலேயே வைத்திருக்கலாம்தான். கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது போகுமுன் கொடு என்கிறது உபாகமம் 24:15. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. தோட்டக்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தடுப்புச்சுவர் கட்டும் கொத்தனார் யாராக இருந்தாலும் அன்றன்றைக்குக் கொடுங்கள். 'ஜிபே பண்ணிவிடுகிறேன்' என்று அனுப்பினால், அந்தப் பணம் மகன் போனுக்கோ மேஸ்திரி போனுக்கோ போய்ச்சேரும். ரொக்கமாக, அவர் கையில் கொடுங்கள்.

மழைநாள்தான் இங்கே சோதனை. வேலைக்கு வரச்சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்குக் கொட்ட ஆரம்பித்தால் 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவர் பேருந்துக்குக் கொடுத்தாயிற்று, வேறு வேலையையும் விட்டாயிற்று. அரைக்கூலியாவது கொடுங்கள். கூடலூர், குந்தா பக்கம் ஜூன், ஜூலையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்கு மேலும் இப்படி நாட்கள் வரும் என்று முன்பே பட்ஜெட்டில் வைத்துவிடுங்கள்.

சிறு தோட்டம் வாங்கியிருப்பவர்களும் இலை வாங்கி விற்பவர்களும் எடையைக் கவனியுங்கள். இலை நனைந்திருக்கிறது என்று கழிக்கலாம். ஆனால் எவ்வளவு கழிக்கிறோம் என்பதைக் கொண்டுவந்தவர் கண்முன்னே சொல்லிக் கழியுங்கள். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்பது நீதிமொழிகள் 11:1.

10. சண்டையை வழியிலேயே முடியுங்கள்

பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:23-24 சொல்கிறது. அடுத்த வசனத்தை யாரும் பிரசங்கிப்பதில்லை. எதிராளியோடு வழியில் இருக்கும்போதே நல்மனம் பொருந்து, இல்லாவிட்டால் நியாயாதிபதியிடம் போய் நிற்கவேண்டும். பாதைத் தகராறு, தண்ணீர்க் குழாய்த் தகராறு, அண்ணன் தம்பி நிலத் தகராறு இவற்றுக்கு மக்கள் நீதிமன்றம் என்ற லோக் அதாலத் இருக்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான் தீர்ப்பு. நீதிமன்றத்தில் ஏற்கெனவே கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்ப்பின்மேல் அப்பீல் கிடையாது, ஆகவே கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். மேலே சொன்ன சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலேயே விசாரிக்கலாம்.

உயிலும் இந்தத் தலைப்பில்தான் வரும். ஆஸ்தியைப் பாகம் பிரித்துத் தரச்சொல்லி ஒருவன் கேட்டபோது, நியாயாதிபதியாக இருக்க மறுத்துவிட்டு இயேசு சொன்ன கதை லூக்கா 12-ல் இருக்கிறது: களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டவன், அந்த ராத்திரியே செத்துப்போனான். உங்கள் ராத்திரிக்கு முன் எழுதிவிடுங்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகன் மகள் வித்தியாசமில்லை. உயில் எழுத முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன், மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக்கூடாது. போட்டால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பிற்பாடு பேச்சு எழாது. வயதானவர் என்றால் மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கி இணையுங்கள். எழுதியபின் பிள்ளைகளை உட்காரவைத்து வாசித்துக் காட்டிவிடுங்கள், மலையில் இருக்கும் மகளுக்கு ஒன்று, கீழே இருக்கும் மகனுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சொல்லாதீர்கள்.

11. நாக்கு

வீணான வார்த்தை ஒவ்வொன்றுக்கும் நியாயத்தீர்ப்பு நாளில் கணக்கு ஒப்புவிக்கவேண்டும், மத்தேயு 12:36. சபை வாட்ஸ்அப் குழுவில் 'ஜெபக்குறிப்பு' என்ற பெயரில் ஒரு வீட்டுச் சண்டை ஓடினால், மேலே அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள். நீங்கள் சந்திக்கும் வீட்டில் கேட்டது எதையும் ஜெபக்கூட்டத்தில்கூடச் சொல்லாதீர்கள். ஒருமுறை வெளியே போனால் அந்தக் கதவு அப்புறம் திறக்காது. போட்டோவும் வேண்டாம், போர்வையை நீட்டியபடி நிற்கும் போட்டோ நிச்சயமாக வேண்டாம்.

12. நேரமும் செலவும்

தினமும்: காலையில் ஜெபத்தோடு அந்த இரண்டு வீட்டின் பெயரையும் சொல்லுங்கள். இரவு படுக்குமுன் இரண்டு கேள்வி போதும், யாருக்காவது காசு பாக்கியா, யாரிடமாவது கோபம் பாக்கியா. சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணியவேண்டும் என்கிறது எபேசியர் 4:26. மூடுபனியில் சூரியன் எப்போது அஸ்தமித்தது என்றே தெரியாது, ஏழு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒரு மதியம் அந்த வீடுகளுக்கு. மாதத்துக்கு ஒரு வேலைநாள் அலுவலக வேலைக்கு. விடுப்பு எடுக்கவேண்டியிருக்கும், அதையும் தசமபாகத்தில் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. பேருந்து, ஜெராக்ஸ், இ-சேவைக் கட்டணம், டீ என்று கையை விட்டுப் போவது சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு மேல் பணம் கொடுக்க விரும்பினால், முதியோர் இல்லமோ குழந்தைகள் இல்லமோ நேரில் போய்ப் பார்த்துக் கொடுங்கள். குழந்தைகள் இல்லம் என்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவாகியிருக்கவேண்டும், சான்றிதழைக் கேட்பதில் வெட்கமில்லை. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை ரசீது (80ஜி என்பார்கள்) தேவை என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வரிச்சலுகை கிடைக்காது.

கடைசியாக ஆண்டுக் கணக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆகமன காலம் தொடங்கியதும் எல்லாச் சபையும் கிளம்பிவிடும். டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரே லைன் வீட்டு வாசலில் மூன்று குழுக்கள் கேக்கும் போர்வையுமாக வரிசையில் நிற்பார்கள். உறைபனி கடுமையாக இருப்பது ஜனவரியில். அப்போது ஒருவரும் வருவதில்லை, விறகும் தீர்ந்திருக்கும். உங்கள் முறையை ஜனவரி இரண்டாம் வாரத்துக்குப் போடுங்கள். கம்பளி விலையும் கிறிஸ்துமஸ் முடிந்தபின் கொஞ்சம் பேசிக் குறைக்கலாம்.